ஒரு கிலோவாட்டின் எடை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட வடிவம்)



விண்பயணத்துக்கான புதிய உந்துமுறைகள் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். அயனி எஞ்சின், பிளாஸ்மா எஞ்சின், அணு ராக்கெட், சூரியப் பாய்மரம் என்று அது நீளும். ஒவ்வொன்றும் செவ்வாய்க்கு எத்தனை நாளில் கொண்டு சேர்க்கும் என்ற கணக்கும் கூடவே வரும். அந்தப் பட்டியலை இன்று நான் விரிக்கப் போவதில்லை. ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன். கோள்களுக்கு விரைவாகப் போய்வர வேண்டும் என்ற ஆசைக்கு இன்று குறுக்கே நிற்பது எஞ்சின் அல்ல, அந்த எஞ்சினுக்கு மின்சாரம் தரும் ஏற்பாட்டின் எடை. ஒரு கிலோவாட் மின்சாரத்தை விண்வெளியில் உண்டாக்க எத்தனை கிலோ பொருளைச் சுமந்து செல்ல வேண்டும்? இந்த ஒரு எண்ணைக் கேட்காமல் எந்தப் புதிய எஞ்சினையும் எடைபோட முடியாது என்பது என் வாதம்.

தரையிலிருந்து மேலே எழும்பும் கட்டத்தை நான் இதில் சேர்க்கவில்லை. அந்தச் சில நிமிடங்களுக்கு ரசாயன ராக்கெட்டுக்கு மாற்று இன்று இல்லை. மேலே போன பிறகு நடக்கும் நெடும்பயணமே என் பொருள்.

1. முதலில் அடிப்படைக் கணக்கு. 1903-இல் ரஷ்யாவில் பள்ளி ஆசிரியராக இருந்த கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட சமன்பாட்டிலிருந்து இதைத் தொடங்க வேண்டும். ராக்கெட் எதையாவது பின்னால் தள்ளித்தான் முன்னே போகிறது. தள்ளப்படும் பொருள் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதைப் பொறுத்தே எவ்வளவு பொருளைச் சுமக்க வேண்டும் என்பது அமையும். வெளியேறும் வேகம் குறையக் குறைய, சுமை கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. நடைமுறையில் உள்ள ரசாயன எஞ்சின்களில் சிறந்தது திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரிக்கும் கிரையோஜெனிக் எஞ்சின். அதிலிருந்து வாயு நொடிக்கு 4.4 கி.மீ. வேகத்தில் வெளியேறுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு விண்கலம் தன் வேகத்தை மொத்தமாக நொடிக்கு 11.5 கி.மீ. அளவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால், கலத்தின் ஒவ்வொரு கிலோவுக்கும் 12 கிலோவுக்கு மேல் எரிபொருள் தேவைப்படும். வெளியேறும் வேகம் நொடிக்கு 30 கி.மீ. ஆக இருந்தால் அதே வேலைக்கு அரை கிலோகூட வேண்டாம். இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். ரசாயனப் பிணைப்புகளில் அடங்கியிருக்கும் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. எத்தனை திறமையான பொறியாளர் வந்தாலும் ஹைட்ரஜனிலிருந்து அது தராததை வாங்க முடியாது. எனவே, ஆற்றலை வேறெங்கிருந்தாவது கொண்டுவந்து வாயுவுக்கு ஊட்ட வேண்டும். மின்சாரத்தால் அதைச் செய்யலாம் என்று சியோல்கோவ்ஸ்கியும் அமெரிக்காவின் ராபர்ட் கோடார்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே யோசித்துவிட்டார்கள். ஆகவே 'புதிய தொழில்நுட்பம்' என்று நாம் அழைப்பதற்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. அது ஏன் இன்னும் நம்மைச் செவ்வாய்க்குக் கொண்டுபோகவில்லை என்று கேட்பதே பொருத்தமாக இருக்கும்.

2. எஞ்சின் சரியாக அமையாததால்தான் என்று சிலர் சொல்லலாம். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. 1964-இல் அமெரிக்காவின் செர்ட்-1 கலத்தில் ஓர் அயனி எஞ்சின் விண்வெளியில் அரை மணி நேரம் ஓடியது. 1970-களின் தொடக்கத்தில் சோவியத் நாடு தன் மீட்டியார் செயற்கைக்கோளில் ஹால் வகை மின் எஞ்சினைப் பறக்கவிட்டது. ஆனாலும் கோள்களிடைப் பயணத்துக்கு இதை முழுமையாக நம்பிய முதல் கலம் 1998 அக்டோபரில் கிளம்பிய டீப் ஸ்பேஸ் 1 தான். அதன் எஞ்சினைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம், அதாவது 30 செ.மீ. விட்டம். செனான் வாயு அதனுள் சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. எலக்ட்ரான்கள் மோதி செனான் அணுக்களை மின்னேற்றம் பெற்ற அயனிகளாக்குகின்றன. எஞ்சினின் வாயில் மாலிப்டினத்தால் ஆன இரண்டு துளைத்தகடுகள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் நிற்கின்றன. அவற்றுக்கிடையே ஆயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம். அந்த இடைவெளியைக் கடக்கும் அயனி நொடிக்கு 30 கி.மீ. வேகம் பெற்று, மங்கிய நீல ஒளியாக வெளியே பாய்கிறது. விண்வெளியில் முதன்முறை இயக்கியபோது நாலரை நிமிடத்தில் அது நின்றுவிட்டது. தகடுகளுக்கிடையே சிக்கிய ஒரு துகள் மின்சாரத்தைக் குறுக்கே கடத்தியிருக்க வேண்டும் என்று கருதினார்கள். இரண்டு வாரம் கழித்து மீண்டும் இயக்கியபோது ஓடத் தொடங்கியது. பயணம் முடிவதற்குள் 16,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அதற்கு மாற்றாகச் செய்து வைத்திருந்த எஞ்சினைத் தரையில் வெற்றிட அறைக்குள் 30,000 மணி நேரத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்தார்கள். பின்னால் வந்த நெக்ஸ்ட் என்ற எஞ்சின் சோதனையில் 48,000 மணி நேரத்தையும் தாண்டியது. ஐந்தரை ஆண்டு ஓடிய எஞ்சினை ஆயுள் குறைந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த வகையில் என்னை மிகவும் ஈர்ப்பது டான் என்ற கலம். 2007 செப்டம்பரில் கிளம்பி, 2011-இல் வெஸ்டா என்ற சிறுகோளை அடைந்து, ஓராண்டுக்கு மேல் அதைச் சுற்றிவந்து, பிறகு அதை விட்டு விலகி, 2015 மார்ச்சில் செரஸ் என்ற குறுங்கோளைச் சுற்றத் தொடங்கியது. பூமிக்கு அப்பால் இரண்டு வெவ்வேறு உலகங்களை அடுத்தடுத்துச் சுற்றிய முதல் கலம் அது. அதன் எஞ்சின் தந்த உச்ச விசை 91 மில்லிநியூட்டன். இரண்டு வெள்ளைத் தாள்களை உள்ளங்கையில் வைத்தால் எவ்வளவு பாரம் தெரியுமோ அவ்வளவுதான். 1,200 கிலோ கலத்தை அந்த விசை நிறுத்தத்திலிருந்து மணிக்கு நூறு கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர நாலு நாளுக்கு மேல் ஆகும். ஆனால் அது நாலு நாளில் நின்றுவிடவில்லை. மொத்தம் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் தள்ளிக்கொண்டே இருந்தது. 425 கிலோ செனானை வைத்துக்கொண்டு, நான் முன்பு சொன்ன அந்த நொடிக்கு 11.5 கி.மீ. வேக மாற்றத்தைச் செய்துகாட்டியது. 2018-இல் கலம் ஓய்ந்ததற்கும் அயனி எஞ்சின் காரணமில்லை. கலத்தைத் திருப்பி நிறுத்தப் பயன்பட்ட சிறிய ரசாயன உந்திகளுக்கான ஹைட்ரசின் தீர்ந்துபோனதே காரணம்.

ஜப்பானின் ஹயபுசா கலத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இட்டோகாவா என்ற சிறுகோளிலிருந்து திரும்பும் வழியில், 2009 நவம்பரில், அதன் நான்கு அயனி எஞ்சின்களும் கிட்டத்தட்ட கைவிட்ட நிலை. ஓர் அயனி எஞ்சினுக்கு இரண்டு பாதிகள் உண்டு. ஒன்று அயனியை வெளியேற்றும். மற்றொன்று அதே அளவு எலக்ட்ரானை வெளியேற்றி, கலம் மின்னேற்றம் அடையாமல் காக்கும். ஓர் எஞ்சினில் முதல் பாதி நன்றாக இருந்தது, இன்னொன்றில் இரண்டாம் பாதி நன்றாக இருந்தது. இந்த இரண்டு பாதிகளையும் மின்சுற்றில் இணைத்து ஒரே எஞ்சினாக ஓட்டினார்கள். கலம் கொண்டுவந்த பெட்டகம் 2010 ஜூனில் சிறுகோளின் துகள்களோடு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வந்து இறங்கியது. இவ்வளவு தாங்கும் ஒரு தொழில்நுட்பத்தை முதிராதது என்று சொல்வது நியாயமாகாது. இன்று ஆயிரக்கணக்கான ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் ஹால் எஞ்சின்கள் ஓடுகின்றன. விலை உயர்ந்த செனானைத் தவிர்த்து முதலில் கிரிப்டானிலும், பிறகு நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு இருக்கும் ஆர்கானிலும் அவை ஓடுகின்றன. எஞ்சின் தொழிற்சாலைப் பண்டமாகிவிட்டது.

3. அப்படியானால் தடை எங்கே? மின்சாரக் கணக்கில். நெல்லை மாவட்டம் மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் விகாஸ் என்ற ரசாயன ராக்கெட் எஞ்சின் வெற்றிடத்தில் சுமார் 800 கிலோநியூட்டன் விசை தருகிறது. அதன் வாயில் வெளியேறும் வாயுத் தாரையின் இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் 1,150 மெகாவாட் வருகிறது. அதே மாவட்டத்தில் கூடங்குளத்தின் ஓர் உலை தரும் மின்சாரம் 1,000 மெகாவாட். ஒரு ராக்கெட் எஞ்சின் தான் ஓடும் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஓர் அணுமின் உலையையும் விஞ்சுகிறது. ஆனால் அதற்கு மின்நிலையம் எதுவும் தேவைப்படுவதில்லை. ஆற்றல் எரிபொருளுக்குள்ளேயே இருக்கிறது, எரிபொருளே மின்நிலையம். ஒரு நியூட்டன் விசைக்கு விகாஸ் செலவிடுவது ஏறத்தாழ 1.4 கிலோவாட். இப்போது மின் எஞ்சின்களைப் பார்ப்போம். திருவனந்தபுரம் வலியமலையில் உள்ள இஸ்ரோவின் திரவ உந்துமுறை மையம் உருவாக்கிய 300 மில்லிநியூட்டன் பிளாஸ்மா எஞ்சின் 2025-இல் 1,000 மணி நேரச் சோதனையை முடித்தது. அது எடுத்துக்கொண்ட மின்சாரம் 5.4 கிலோவாட். ஒரு நியூட்டனுக்கு 18 கிலோவாட் ஆகிறது. டான் கலத்தின் எஞ்சினில் வெளியேறும் வேகம் இதைவிட அதிகம், ஆகவே அங்கே ஒரு நியூட்டனுக்குச் சுமார் 25 கிலோவாட். வெளியேறும் வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஒவ்வொரு நியூட்டனுக்கும் இரட்டிப்பு மின்சாரம் கேட்கும். இது எந்த நிறுவனத்தின் குறைபாடும் இல்லை, நியூட்டனின் விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சியோல்கோவ்ஸ்கி கணக்கில் நாம் மிச்சம்பிடித்த எரிபொருளின் எடை, மின்நிலையத்தின் எடையாக வேறு வாசல் வழியே உள்ளே வந்துவிடுகிறது.

இதை முறையாக வகுத்துக் காட்டியவர் எர்ன்ஸ்ட் ஸ்டூலிங்கர். ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சென்று வெர்னர் ஃபான் பிரவுனோடு பணியாற்றிய இயற்பியலாளர் அவர். மின் உந்துமுறையில் ஒரு கலம் எட்டக்கூடிய வேகத்தை முடிவு செய்பவை இரண்டே: மின்நிலையம் எத்தனை காலம் ஓடுகிறது, ஒரு கிலோவாட்டுக்கு அது எத்தனை கிலோ கனக்கிறது. எஞ்சினின் திறனும் கணக்கில் உண்டு. ஆனால் இன்றைய எஞ்சின்களின் திறன் ஏற்கெனவே 50, 60 விழுக்காட்டில் நிற்கிறது. அதை முழுமையாக்கினாலும் இருப்பது இரு மடங்குகூட ஆகாது. எடையின் பக்கமோ பத்து மடங்கு, நூறு மடங்கு வித்தியாசங்கள் கிடக்கின்றன. இந்தக் கணக்கின் ஒரு விளைவை மாணவர்கள் தாமே தாளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். சூரியனின் ஈர்ப்பை ஒதுக்கிவிட்டு, எஞ்சின் வழிநெடுக ஓடுவதாகக் கொள்ளுங்கள். அதே தூரத்தைப் பாதி நாளில் கடக்க வேண்டுமென்றால் வேகம் இரு மடங்காக வேண்டும், அதை ஈட்டக் கிடைக்கும் காலமோ பாதி. இரண்டையும் சேர்த்தால், ஒரு கிலோவாட்டின் எடை எட்டில் ஒன்றாகக் குறைந்தாக வேண்டும். பாதியாகக் குறைத்துவிட்டு, பயணமும் பாதியாகும் என்று எதிர்பார்க்க முடியாது. வேகத்துக்கு இயற்கை கேட்கும் விலை அவ்வளவு கடுமையானது.

4. இன்று அந்த எடை எவ்வளவு? பூமிக்கு அருகே நல்ல சூரியத் தகடுகள் ஒரு கிலோ எடைக்கு நூறு வாட் அளவில் தருகின்றன. ஆக, ஒரு கிலோவாட்டுக்குப் பத்து கிலோ. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சூரியனிடமிருந்து விலகும் தூரத்தின் இருமடிக்கு ஏற்ப வெயில் மங்கும். டான் கலத்தின் தகடுகள் பூமியருகே 10 கிலோவாட்டுக்கு மேல் தந்தன. சூரியனிலிருந்து மூன்று மடங்கு தூரத்தில் 1.3 கிலோவாட்தான் கிடைத்தது. அதனால் செரஸை நெருங்க நெருங்க எஞ்சினின் விசையையும் குறைத்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. எஞ்சின் நன்றாகவே இருந்தது, ஊட்டுவதற்குத்தான் மின்சாரம் இல்லை. வியாழனை ஆராயும் ஜூனோ கலத்தின் மூன்று பெரிய தகடுகள் பூமியருகே இருந்தால் 14 கிலோவாட் தரும். வியாழனில் அவை தருவது சுமார் 500 வாட். பூமியருகே பத்து கிலோவாக இருந்த கிலோவாட்டின் எடை அங்கே 270 கிலோ ஆகிவிடுகிறது. செவ்வாய் வரை நிலைமை அவ்வளவு மோசமில்லை, அங்கே 23 கிலோ. ஆகவே செவ்வாய்க்குச் சரக்கு அனுப்புவதற்குச் சூரிய மின்சாரமும் ஹால் எஞ்சினும் போதும் என்றே கருதுகிறேன். சரக்குக்கு அவசரம் கிடையாது. மனிதருக்கு உண்டு. கதிர்வீச்சும் எடையற்ற நிலையும் பயணியின் உடலை நாள்தோறும் அரிக்கின்றன.

வெயில் இல்லாத இடத்துக்கு அணு உலை. இந்த வழியில் அமெரிக்கா 1965 ஏப்ரலில் ஸ்னாப்-10ஏ என்ற சிறிய உலையைச் சுற்றுப்பாதையில் ஓட்டிக் காட்டியது. உலை தந்த வெப்பம் சுமார் 30 கிலோவாட், அதிலிருந்து கிடைத்த மின்சாரம் அரை கிலோவாட் அளவு. எடையோ நானூறு கிலோவுக்கு மேல். கிலோவாட்டுக்கு எண்ணூறு கிலோ! 43 நாள் ஓடியபின், உலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு மின்சாதனக் கோளாறால் அது நின்றது. அதன்பின் அமெரிக்கா விண்வெளியில் ஓர் உலையையும் இயக்கவில்லை. சோவியத் நாடு கண்காணிப்புச் செயற்கைக்கோள்களில் முப்பதுக்கு மேற்பட்ட உலைகளைப் பறக்கவிட்டது. 1987-இல் ஏவிய டோபாஸ் உலைகளில் கிலோவாட்டின் எடை இருநூறு கிலோ அளவுக்கு இறங்கியது. அங்கேயே நின்றும்விட்டது. 2018-இல் நெவாடாவில் கிரஸ்டி என்ற சிறிய உலையை 28 மணி நேரம் ஓட்டிப் பார்த்தது நல்ல செய்தி, ஆனால் அது தரைச் சோதனை.

இந்த எண்களை வைத்துக்கொண்டு, செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் '39 நாளில் செவ்வாய்' என்ற கூற்றைப் பாருங்கள். ஏழு முறை விண்வெளி சென்ற ஃபிராங்க்ளின் சாங் டியாஸ் உருவாக்கிய வாசிமர் என்ற பிளாஸ்மா எஞ்சினைச் சார்ந்த கூற்று அது. எஞ்சின் உண்மையானது, தரையில் 200 கிலோவாட்டில் ஓடியிருக்கிறது. 39 நாள் கணக்குக்கு வேண்டியதோ 200 மெகாவாட். டோபாஸ் காலத்து எடையில் அந்த மின்நிலையம் 40,000 டன் கனக்கும். பன்னாட்டு விண்வெளி நிலையம் முழுவதும் சேர்ந்தே சுமார் 420 டன்தான். கிலோவாட்டுக்கு ஒரு கிலோ என்ற நிலை வந்தால் 200 டன்னில் முடியும். ஆக அந்தக் கூற்றின் பாரம் முழுவதும், எஞ்சினைப் பற்றிய செய்தியில் இடம்பெறாத ஓர் உலையின் மீது இறங்குகிறது.

5. உலையின் எடை ஏன் குறைய மறுக்கிறது? யுரேனியம் கனமானது என்பதாலா? இல்லை. எரிபொருள் மிகச் சிறியது. கனப்பவை மற்றவை: கதிர்வீச்சைத் தடுக்கும் கவசம், வெப்பத்தை மின்சாரமாக்கும் கருவி, எல்லாவற்றுக்கும் மேலாக மிஞ்சிய வெப்பத்தை வெளியே தள்ளும் தகடுகள். மறுபடியும் கூடங்குளத்துக்கே வருகிறேன். அங்கே ஓர் உலையில் 3,000 மெகாவாட் வெப்பம் பிறக்கிறது, 1,000 மெகாவாட் மின்சாரமாகிறது. மீதி 2,000 மெகாவாட்டைக் கடல் வாங்கிக்கொள்கிறது. உலையைக் கடலோரத்தில் கட்டியதே அதற்காகத்தான். விண்வெளியில் கடல் இல்லை, காற்று இல்லை. கொடுப்பதை வாங்கிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. சூடான பரப்பு ஒளிவீசுவதைப் போல வெப்பத்தை வீச வேண்டும், அது ஒன்றே வழி. எவ்வளவு வீசும் என்பதை ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மன் விதி சொல்கிறது: வெப்பநிலையின் நான்காம் மடிக்கு ஏற்ப. நம் அறை வெப்பநிலையில், அதாவது 300 கெல்வினில், ஒரு சதுர மீட்டர் தகடு ஒரு பக்கம் வீசுவது அரை கிலோவாட்டுக்கும் குறைவு. 800 கெல்வினில் அதே சதுர மீட்டர் 23 கிலோவாட் வீசும். 200 மெகாவாட் மின்நிலையம் முப்பது விழுக்காடு திறனில் ஓடினால் வெளியேற்ற வேண்டிய வெப்பம் 467 மெகாவாட். 800 கெல்வினில் தகடுகளின் இரு பக்கமும் குறையின்றி வீசினாலும் இரண்டரை ஏக்கர் பரப்பு வேண்டும். இரண்டரை ஏக்கர் நஞ்சை நிலத்தை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். அவ்வளவு பரப்பும் ஈயம் உருகும் வெப்பத்தையும் தாண்டிய சூட்டில், உள்ளே திரவ உலோகம் ஓடும் குழாய்களோடு, நுண்விண்கற்கள் துளைத்தாலும் ஒழுகாமல் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். கவனம் இங்கே திரும்ப வேண்டும் என்கிறேன். தகட்டின் வெப்பநிலையை உயர்த்தினால் அதன் பரப்பு வேகமாகச் சுருங்கும். ஆனால் அந்தச் சூட்டில் மின்சாரமாக்கும் திறன் குறையும், உலோகங்கள் தளரும். இந்த இழுபறியைத் தீர்ப்பது பொருளறிவியலின் வேலை. உந்துமுறை ஆராய்ச்சி என்ற பெயரில் நடக்கும் கூட்டங்களில் அதற்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது.

6. இனி மறுப்புகள். வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மின்சாரமே வேண்டாம், உலையின் வெப்பத்தை நேராக ஹைட்ரஜனுக்கு ஊட்டி வெளியே விட்டால் போதாதா? வெப்பத்தை ஹைட்ரஜனே சுமந்துகொண்டு வெளியேறிவிடுவதால் வீசு தகடு தேவையில்லை. இது கற்பனையும் அல்ல. 1968-இல் நெவாடாவில் ஃபீபஸ்-2ஏ என்ற உலை 4,000 மெகாவாட்டுக்கு மேல் 12 நிமிடம் ஓடியது. நான் விவரித்த தடையை முழுவதுமாகச் சுற்றிப் போகும் வழி இதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. உலையின் எரிபொருள் உருகாமல் தாங்கும் வெப்பநிலைக்கு மேல் ஹைட்ரஜனைச் சூடாக்க முடியாது. அதனால் வெளியேறும் வேகம் நொடிக்கு எட்டு கி.மீ. அளவில் நின்றுவிடுகிறது, ரசாயன எஞ்சினைப் போல இரு மடங்கு. டான் செய்த வேலைக்கு ஒரு கிலோவுக்கு 12 கிலோ என்பது மூன்று கிலோவாகக் குறையும். பெரிய லாபம்தான். மனிதரை முதன்முதலில் செவ்வாய்க்குக் கொண்டுபோகும் கலத்துக்கு இதுவே பொருத்தமான எஞ்சினாக அமையலாம். ஆனாலும் மைனஸ் 253 பாகையில் திரவ ஹைட்ரஜனை மாதக்கணக்கில் ஆவியாகாமல் வைத்திருக்க வேண்டும். தரையில் சோதிக்கும்போது கதிரியக்கம் கலந்த வாயுவைப் பிடித்து வடிகட்ட வேண்டும். அமெரிக்காவில் 1973-இல் கைவிடப்பட்ட இந்த முயற்சியை டிராக்கோ என்ற பெயரில் 2023-இல் புதுப்பித்தார்கள், 2025-இல் அதுவும் நின்றது. செவ்வாயைத் தாண்டிப் போக நினைத்தால் இரு மடங்கு போதாது, மீண்டும் கிலோவாட்டின் எடைக்கே வர வேண்டும்.

சூரியப் பாய்மரத்துக்கு உந்துபொருளும் வேண்டாம், மின்நிலையமும் வேண்டாமே என்பது அடுத்தது. ஜப்பானின் இகாரோஸ் 2010-இல் இதை நிரூபித்தது. பக்கத்துக்கு 14 மீட்டர் கொண்ட அதன் சதுரப் பாய் பெற்ற தள்ளுவிசை 1.12 மில்லிநியூட்டன். டானின் இரண்டு தாள் பாரத்தைப் பெறவே இந்தக் கணக்கில் நாலு ஏக்கர் பாய் வேண்டும். சிறு கலங்களுக்கு அழகான வழி, மனிதரைச் சுமக்க அல்ல. எதையும் பின்னே தள்ளாமல் மைக்ரோவேவ் பெட்டியால் முன்னே போகலாம் என்ற எம்டிரைவ் கூற்று ட்ரெஸ்டன் ஆய்வகத்தின் கவனமான அளவீடுகளில் 2021-இல் நிற்கவில்லை. அதை மேலும் பேச வேண்டியதில்லை.

7. இன்னொரு மறுப்பு அறிவியலைவிட அறத்தைச் சேர்ந்தது, அதை எளிதாகக் கடந்துபோக எனக்கு விருப்பமில்லை. அணு உலையை வானத்தில் ஏற்றலாமா? 1978 ஜனவரியில் காஸ்மாஸ் 954 என்ற சோவியத் செயற்கைக்கோள் உலையோடு சேர்ந்து கனடாவின் வடமேற்குப் பனிவெளியில் விழுந்து சிதறியது. கதிரியக்கத் துண்டுகளைத் தேடி மாதக்கணக்கில் அலைந்தார்கள். சோவியத் அரசு முப்பது லட்சம் கனடா டாலர் இழப்பீடு கொடுத்தது. இந்த அச்சம் உண்மையானது. ஆனால் அந்த விபத்தின் காரணத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பூமிக்கு மிக அருகிலேயே சுற்ற வேண்டிய ரேடார் செயற்கைக்கோள் அது, ஓடிக்கொண்டிருந்த உலையோடு தாழ்ந்த பாதையில் இருந்தது. ஒருமுறைகூட ஓட்டாத உலையில் இருக்கும் யுரேனியத்தின் கதிரியக்கம் மிகக் குறைவு. ஆபத்தான பிளவுப் பொருள்கள் உலை ஓடத் தொடங்கிய பிறகே பிறக்கின்றன. பல நூறாண்டுகள் கீழே விழ வாய்ப்பில்லாத உயரத்தை அடைந்த பின்னரே உலையை இயக்குவது, திரும்பும் கலம் பூமியை நெருங்காமல் அங்கேயே நிற்பது ஆகிய இரண்டையும் கட்டாயமாக்கினால் காஸ்மாஸ் 954 மறுபடி நேராது. 1992-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற கொள்கைகள் இதே திசையில்தான் உள்ளன. அவை கட்டுப்படுத்தும் சட்டமாகவில்லை என்பது என் கவலை. உலையை ஆதரித்துப் பேசும் எவரும் அந்தச் சட்டத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும். அதைக் கேட்காத ஆதரவு பொறுப்பற்றது.

8. கடைசியாக, இந்த மண்ணில் என்ன செய்யலாம் என்ற கேள்வி. மின் எஞ்சின் நம்மிடம் இருக்கிறது. 2017-இல் ஏவப்பட்ட தெற்காசியச் செயற்கைக்கோளில் மின் உந்துமுறை இடம்பெற்றது, இப்போது 300 மில்லிநியூட்டன் எஞ்சின் வந்திருக்கிறது. சந்திரயான்-3-இன் உந்துகலத்தில் ஒரு வாட் அளவுள்ள கதிரியக்க வெப்ப அலகுகள் இரண்டு போயின. உலையின் பக்கம் நம்மிடம் இருப்பதைத்தான் பெரும்பாலோர் சேர்த்துப் பார்ப்பதில்லை. கல்பாக்கத்தில் 1985 முதல் சோதனை ஈனுலையில் திரவ சோடியத்தைக் குளிர்விப்பானாக ஓட்டி வருகிறார்கள். ஸ்னாப்-10ஏ உலையில் ஓடியதும் சோடியமும் பொட்டாசியமும் கலந்த திரவ உலோகமே. சூடான சோடியத்தைக் குழாயில் அடக்கி, கசியாமல், துருவேறாமல் ஆண்டுக்கணக்கில் சுழலவிடும் கைப்பழக்கம் உலகில் மிகச் சில இடங்களில்தான் இருக்கிறது, அவற்றுள் ஒன்று நம் கடற்கரையில் இருக்கிறது. அதே வளாகத்தில் 30 கிலோவாட் வெப்பம் தரும் காமினி என்ற சின்னஞ்சிறு உலை யுரேனியம்-233-இல் ஓடுகிறது. அவை எதுவும் விண்வெளிக்காகக் கட்டப்பட்டவை அல்ல என்று சொல்வீர்கள். உண்மை. தரையில் எடையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, விண்வெளியில் வேறெதுவும் கவலையில்லை. ஆனால் சோடியத்தின் குணம் இரண்டிடத்திலும் ஒன்றுதான்.

பல்கலைக்கழகங்கள் உலைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கிரஸ்டியில் வெப்பத்தைக் கடத்தியவை சோடியம் நிரப்பிய வெப்பக் குழாய்கள். ஒரு முனையில் சோடியம் ஆவியாகி, மறுமுனைக்கு ஓடி, வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரவமாகி, குழாயின் உட்சுவரில் உள்ள வலைத்திரி வழியாகத் தானே திரும்பி வரும். அதில் பம்ப் கிடையாது, அசையும் பாகம் எதுவும் கிடையாது. அப்படி ஒரு குழாயை மின்சூடேற்றியால் 800 கெல்வினுக்குச் சூடாக்கி, வெற்றிட அறைக்குள் வைத்து, அது வீசும் வெப்பத்தை அளக்கலாம். ஒரு முதுகலை மாணவர் குழுவால் முடியும் வேலை. பிறகு அந்தக் குழாயைத் தராசில் வைத்து, அது வெளியேற்றிய கிலோவாட்டால் வகுத்து, கிடைக்கும் எண்ணை ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதலாம். அடுத்த ஆண்டு வரும் குழு அந்த எண்ணைக் குறைக்கட்டும்.